ஏழுக்கு இரண்டு

1954 மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை. ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மைதானத்தில் உலக ஐஸ் ஹாக்கிப் போட்டியின் கடைசி நாள். எட்டு நாடுகள் ஒன்றோடொன்று மோதிய தொடர் அது. அரையிறுதி, இறுதி என்று எதுவும் கிடையாது. புள்ளிக் கணக்குதான் எல்லாம். கனடா அதுவரை ஆடிய ஆறு ஆட்டங்களிலும் வென்றிருந்தது. சுவிட்சர்லாந்தை 8–1, நார்வேயை 8–0, போட்டியை நடத்திய ஸ்வீடனையே 8–0, பின்லாந்தை 20–1. மொத்தம் 57 கோல் போட்டு 5 கோல் மட்டுமே வாங்கியிருந்தது. எதிரே நின்ற சோவியத் யூனியனுக்கு இதுதான் முதல் உலகப் போட்டி. அது போட்டது 30, வாங்கியது 8. ஸ்வீடனோடு 1–1 என்று ஒரு டிராவும் உண்டு. கனடா ஒரு புள்ளி முன்னால் இருந்தது. தோற்காமல் இருந்தாலே கோப்பை அதற்குத்தான்.

ஆட்டம் முடிந்தபோது சோவியத் யூனியன் 7, கனடா 2.

கனடாவில் இதை தேசிய அவமானம் என்று பேசினார்கள். மற்ற நாடுகளில் அதிசயம் என்றார்கள். இரண்டும் பொருத்தமில்லாத பேச்சு. அந்த வெற்றிக்குப் பின்னால் எட்டு குளிர்காலங்களின் உழைப்பு இருந்தது. அந்த உழைப்பில் பங்கு கொண்டவர்கள் பலர் அன்று ஸ்டாக்ஹோமில் இல்லை. சிலர் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே விமான விபத்தில் இறந்துபோயிருந்தார்கள். வேறு சிலர், சோவியத் வீரர்களுக்கு ஒரு காலத்தில் கற்றுக்கொடுத்தவர்கள், செக்கோஸ்லோவாக்கியாவில் கைதிகளாக இருந்தார்கள். கோப்பையை ஏந்திய படங்களில் அவர்கள் யாரும் இல்லை என்பதாலேயே அவர்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

ஹாக்கி என்றதும் நமக்குப் பதினொருவர் ஆடும் தரை ஆட்டம்தான் நினைவுக்கு வரும். ஐஸ் ஹாக்கியில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். பனித்தளத்தைச் சுற்றி இடுப்பளவு வேலி. பந்துக்குப் பதில் கெட்டி ரப்பர் வட்டு. தளம் சிறியது, வேகம் அதிகம், ஆளை ஆள் மோதித் தள்ளுவது விதிக்குட்பட்டது. இந்த வடிவத்தில் ஆட்டத்தை வளர்த்தவர்கள் கனடியர்கள். ரஷ்யர்கள் அதைக் ‘கனடிய ஹாக்கி’ என்றே சொன்னார்கள், ஏனென்றால் அவர்களிடம் ஏற்கெனவே ‘ரஷ்ய ஹாக்கி’ ஒன்று இருந்தது. உலகம் அதை பேண்டி என்று அழைக்கும். கால்பந்து மைதானம் அளவுக்கு உறைந்த பனிப்பரப்பு, பக்கத்துக்குப் பதினொரு பேர், சிறிய பந்து, வளைந்த குட்டை மட்டை. கோல்கீப்பரிடம் மட்டையே கிடையாது. கையாலும் காலாலும் உடம்பாலும்தான் தடுக்க வேண்டும். அவ்வளவு பெரிய பரப்பில் பந்தைத் தனியாக உருட்டிக்கொண்டு ஓடினால் மூச்சு வாங்கிவிடும். ஆகவே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், காலியான இடத்துக்குப் போக வேண்டும், பந்தைச் சகாவிடம் தள்ளிவிட வேண்டும். மாஸ்கோவின் ஆட்டக்காரர்கள் கோடையில் கால்பந்து, குளிர்காலத்தில் ரஷ்ய ஹாக்கி என்று ஆண்டு முழுவதும் இதே பழக்கத்தில் ஊறியவர்கள்.

பேண்டி ஒலிம்பிக்கில் இல்லை, கனடிய ஹாக்கி இருந்தது. போர் முடிந்து உலக அரங்குக்குள் நுழைய நினைத்த சோவியத் அரசுக்கு அந்த ஒரு காரணம் போதுமானதாக இருந்தது. 1946 டிசம்பர் 22 அன்று முதல் தேசியப் போட்டி தொடங்கியது. லாட்வியாவின் ரீகா நகரமும் அதில் ஒரு களம். 1940-இல் சோவியத்தோடு இணைக்கப்பட்ட லாட்வியா 1930-களிலேயே உலகப் போட்டிகளில் ஆடிய நாடு. வட்டைப் பிடிக்கத் தெரிந்தவர்கள், தடித்த கால்காப்போடு கோலில் நிற்கத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். மாஸ்கோ டைனமோ அணி அந்த ரீகாவில் ஆடியபோது, சோவியத் போட்டிகளின் வரலாற்றிலேயே முதல் கோலை அடித்தவர் அர்காதி செர்னிஷோவ். 1954-இல் ஸ்டாக்ஹோமில் அணியின் பயிற்சியாளராக நின்றவர் அவரேதான்.

நல்ல எதிராளியோடு மோதிப் பார்க்காமல் எந்த ஆட்டமும் பிடிபடாது. 1948 பிப்ரவரிக் கடைசியில் அந்த எதிராளி மாஸ்கோவுக்கு வந்தது. லான் டென்னிஸ் சங்கமாகத் தொடங்கி ஹாக்கியில் பேரெடுத்த எல்டிசி பிராக் அணி அது. செக்கோஸ்லோவாக்கியா தேசிய அணியின் பெரும்பகுதி அந்தச் சங்கத்து ஆட்கள்தான். 1947-இல் உலக வெற்றியாளர்கள். சில வாரங்களுக்கு முன்புதான் செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியிருந்தார்கள். இவர்களுக்கு ஆசான் மைக் பக்னா என்ற கனடியர். பிரிட்டிஷ் கொலம்பியாவின் டிரெயில் என்ற ஊரில் ஸ்லோவாக் குடும்பத்தில் பிறந்து, 1930-களில் பிராக் போய், அங்கேயே பயிற்சியாளராகி, போருக்குப் பிறகு மறுபடியும் வந்து அணியை மேலே கொண்டுவந்தவர். கனடாவின் ஹாக்கி மாஸ்கோவுக்குப் போய்ச் சேர்ந்த வழி இது.

மாஸ்கோ டைனமோ மைதானத்தில், திறந்த வெளியில், பல்லாயிரம் பேர் குளிரில் நின்று பார்க்க மூன்று ஆட்டங்கள் நடந்தன. முதல் ஆட்டத்தை மாஸ்கோ அணி 6–3 என்று வென்றது. இரண்டாவதில் 3–5 தோல்வி. மூன்றாவது 2–2. ஹாக்கிக்கு வந்து இரண்டாவது குளிர்காலத்திலேயே இது. ஆட்டங்களைவிட மதிப்பு மிக்கவை அவற்றுக்கு இடையே கிடைத்த நாட்கள். செக் வீரர்கள் எதையும் ஒளிக்கவில்லை. வட்டைத் தரையிலிருந்து கிளப்பி அடிப்பது எப்படி, வேலியைப் பயன்படுத்துவது எப்படி என்று கூடவே இருந்து காட்டினார்கள். உலகத்தின் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவராக மதிக்கப்பட்ட போஹுமில் மோத்ரி சோவியத் கோல்கீப்பர்களுக்குப் பாடம் நடத்தினார். மட்டையில்லாமல் கோல் காத்துப் பழகியவர்களுக்கு அந்தப் பாடம் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்! அப்போது மாஸ்கோ அணியில் ஆடிய கிரிகோரி மிகிர்ச்சியான் ஆறு ஆண்டுகள் கழித்து ஸ்டாக்ஹோம் போன அணியிலும் இருந்தார்.

பிராகில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றியதும் அதே பிப்ரவரியில்தான்.

அதற்குப் பிறகு அந்த அணிக்கு நேர்ந்தவை ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. 1948 நவம்பரில் பாரிஸிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஒரு சிறு விமானம் ஆங்கிலக் கால்வாயில் காணாமல் போனது. தேசிய அணியின் ஆறு வீரர்கள் அதில் இருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு அடுத்த சில மாதங்களில் ஸ்டாக்ஹோம் போய், கனடாவை 3–2 என்று தோற்கடித்து, 1949 உலகக் கோப்பையை வென்று வந்தார்கள். விளையாட்டு வரலாற்றில் இதற்கு ஈடான மீட்சி அபூர்வம். 1950 மார்ச்சில் கோப்பையைத் தக்கவைக்க லண்டன் போக வேண்டும். கிளம்பும் நேரத்தில் பயணம் ரத்து. செக் வானொலி நிருபர்களுக்கு பிரிட்டன் விசா தரவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. வீரர்கள் வெளிநாட்டிலேயே தங்கிவிடுவார்கள் என்ற அச்சம்தான் உண்மைக் காரணம். மார்ச் 13 இரவு பிராகின் ஒரு மதுக்கடையில் கூடிய வீரர்கள் ஆத்திரத்தில் அரசைத் திட்டினார்கள். ரகசியக் காவலர்கள் அங்கேயே காத்திருந்தார்கள்.

அக்டோபரில் மூடிய அறைக்குள் விசாரணை. தேசத்துரோகம், உளவு என்று குற்றச்சாட்டுகள். பன்னிரண்டு பேருக்குத் தண்டனை. எல்லாவற்றையும் கூட்டினால் எழுபத்தேழு ஆண்டுகளுக்கு மேல். அதிகபட்சமாக மோத்ரிக்குப் பதினைந்து ஆண்டுகள். மதுக்கடை நிகழ்ச்சியின்போது அவர் அணியிலேயே இல்லை. ஆனாலும் சதியின் தலைவன் என்று அவரைத்தான் நிறுத்தினார்கள். இளைஞர் கஸ்டாவ் புப்னிக்குக்குப் பதினான்கு ஆண்டுகள். கைதிகளில் பலர் யாகிமோவ் வட்டாரத்து யுரேனியச் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே தோண்டிய தாது சோவியத் யூனியனுக்குப் போனது. மாஸ்கோ அணிக்குக் கோல் காக்கக் கற்றுத்தந்த மனிதர் மாஸ்கோவின் அணுத்திட்டத்துக்காகச் சுரங்கத்தில் உழைத்தார் என்பது எழுதும்போதே நெஞ்சை உறுத்துகிற செய்தி. 1954-இல் ஸ்டாக்ஹோமுக்கு வந்த செக்கோஸ்லோவாக்கியா அணியை சோவியத் 5–2 என்று வென்றது. 1949-இல் கோப்பை வென்றவர்களில் பலர் அந்த அணியில் இருந்திருக்க வேண்டியவர்கள். அன்றைக்கு அவர்கள் சிறையில் இருந்தார்கள்.

சோவியத் பக்கத்திலும் அந்த ஆண்டுகள் எளிதாகக் கழியவில்லை. ஸ்டாலினின் மகன் வசீலி விமானப்படைத் தளபதிகளில் ஒருவர். தன் படையின் அணிக்கு நாட்டின் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் இழுத்துக்கொண்டிருந்தார். 1950 ஜனவரி 5 அன்று அந்த அணி செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு ஆடப் போனது. வானிலை மோசமானதால் ஸ்வெர்த்லோவ்ஸ்க் பக்கம் திருப்பிவிடப்பட்ட விமானம் இறங்கும்போது நொறுங்கி, பதினொரு வீரர்கள் உட்படப் பத்தொன்பது பேரும் இறந்தார்கள். லாட்வியாவின் பெருமைக்குரிய கோல்கீப்பர் ஹாரிஸ் மெல்லுப்ஸ் அவர்களில் ஒருவர். நாட்டு மக்களுக்கு இது அறிவிக்கப்படவில்லை. விசெவலோத் பாப்ரோவ் அந்த விமானத்தைத் தவறவிட்டதால் பிழைத்தார். விக்டர் ஷுவாலோவ் அதற்கு முன்புதான் செல்யாபின்ஸ்க் அணியிலிருந்து வந்தவர். பழைய ஊர்க்காரர்களுக்கு எதிரே அவரை நிறுத்த வேண்டாம் என்று மாஸ்கோவிலேயே விட்டுப்போயிருந்தார்கள். பாப்ரோவ், ஷுவாலோவ், இவர்களோடு யெவ்கெனி பாபிச். ஸ்டாக்ஹோமில் கனடாவின் தடுப்பைக் கலைத்த முன்வரிசை இந்த மூவர்தான்.

பாப்ரோவ் தனியாகப் பேசப்பட வேண்டியவர். 1945-இல் டைனமோ கால்பந்து அணியோடு பிரிட்டன் போய் ஆர்செனலுக்கு எதிராகவும் ஆடியவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் சோவியத் கால்பந்து அணியின் கேப்டன். யூகோஸ்லாவியாவிடம் 1–5 என்று பின்தங்கியிருந்த ஆட்டம் 5–5 வரை வந்தது; அந்த ஐந்தில் மூன்று கோல்கள் அவருடையவை. மறு ஆட்டத்தில் தோல்வி. ஸ்டாலினுக்கும் யூகோஸ்லாவியாவின் தலைவர் டிட்டோவுக்கும் பகை முற்றியிருந்த நேரம் அது. அந்தத் தோல்விக்காக நாட்டின் முதன்மையான ராணுவக் கால்பந்து அணியே கலைக்கப்பட்டது. இது தெரிந்தால்தான், ஹாக்கியில் சோவியத் ஏன் அவ்வளவு காலம் வெளியே வரவில்லை என்பது விளங்கும். 1952-இல் சர்வதேச ஹாக்கி சங்கத்தில் சேர்ந்த பிறகும் 1953 உலகப் போட்டிக்கு அணி போகவில்லை. நிச்சயம் ஜெயிப்போம் என்ற உறுதி வரும்வரை யாரும் கையெழுத்துப் போடத் துணியவில்லை.

அந்த உறுதியை எப்படிச் சம்பாதித்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் மிகவும் வியக்கத்தக்க பகுதி. அன்றைய சோவியத் யூனியனில் முழு அளவுச் செயற்கைப் பனித்தளம் ஒன்றுகூடக் கிடையாது. குளம் உறைந்தால் ஆட்டம், உருகினால் இல்லை. கனடியர்களுக்குக் கிடைத்த பனிநேரத்தில் ஒரு பகுதிதான் இவர்களுக்குக் கிடைத்தது. அனதோலி தராசோவ் போன்ற பயிற்சியாளர்கள் மிச்ச மாதங்களைத் தரையிலேயே பயிற்சியாக மாற்றினார்கள்: ஓட்டம், எடை தூக்குதல், ஜிம்னாஸ்டிக்ஸ், கால்பந்து. பனியில் இறங்கும்போது உடம்பு தயாராக இருக்க வேண்டும் என்பது கணக்கு. கனடியரைப் பார்த்து அப்படியே ஆடாமல், பேண்டியிலிருந்து வந்த பழக்கத்தை, வட்டைக் கைமாற்றிக்கொண்டே போவதை, சிறிய தளத்துக்கு ஏற்றபடி கூர்மையாக்கினார்கள். இதை முழுக்கத் தங்கள் கண்டுபிடிப்பாகவே சோவியத் ஹாக்கி பின்னாளில் சொல்லிக்கொண்டது. பாதி உண்மை. அடிப்படைக் கைத்தொழிலை ரீகாவிலிருந்தும் பிராகிலிருந்தும் பெற்றார்கள். அதை வைத்து என்ன செய்வது என்ற சிந்தனை அவர்களுடையது.

இனி கனடாவின் பக்கம். அன்று உலகப் போட்டி சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே. நாட்டின் உண்மையான வல்லவர்கள் என்ஹெச்எல் தொழில்முறை அணிகளில் இருந்தார்கள்; அவர்கள் வர முடியாது. ஆகவே ஏதாவது ஓர் ஊர் அணி மேப்பிள் இலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஐரோப்பா போகும், ஜெயித்துவிட்டு வரும். 1950 உலகக் கோப்பையையும் 1952 ஒலிம்பிக் தங்கத்தையும் கொண்டுவந்த எட்மண்டன் மெர்க்குரிஸ் ஒரு கார் வியாபாரியின் ஆதரவில் இயங்கிய அணி. 1953-இல் கனடா அணியே அனுப்பவில்லை. 1954-க்குப் பெரிய அணிகள் முன்வராத நிலையில் டொரொன்டோவை ஒட்டிய கிழக்கு யார்க்கின் லின்ட்ஹர்ஸ்ட்ஸ் அணி தேர்வானது. இதுவும் ஒரு கார் விற்பனை நிலையத்தின் பெயரைத் தாங்கியதுதான். ஆனால் நாட்டின் இரண்டாம் தர வரிசையில் ஆடியது. சில ஆட்களை வெளியிலிருந்து சேர்த்து பலப்படுத்தினார்கள். பகலில் வேலை, மாலையில் பயிற்சி என்று ஆடியவர்கள் முழுநேரப் பயிற்சியில் இருந்த ஒரு நாட்டின் தேர்வு அணியைச் சந்திக்கப் போனார்கள்.

கடைசி ஆட்டத்தில் என்ன நடந்தது என்பதைக் கோல் கணக்கே சொல்லும். முதல் இருபது நிமிடம் முடியும்போது 4–0. இரண்டாவது பகுதி முடியும்போது 7–1. கனடியர்கள் தங்கள் வழக்கப்படி உடம்பால் மோதப் போனார்கள். மோதும் நேரத்தில் வட்டு வேறொருவரிடம் போயிருந்தது. ஆளைத் துரத்தினால் வட்டு போகிறது, வட்டைத் துரத்தினால் ஆள் பின்னால் நுழைகிறான். தோல் பட்டைத் தலைக்கவசம் போட்ட அந்த அறிமுகமற்ற ஆட்டக்காரர்கள் சலிக்காமல் சறுக்கிக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது பகுதியில் சோவியத் கோல் எதுவும் போடவில்லை; தேவையும் இருக்கவில்லை. 13 புள்ளிகளோடு சோவியத் முதலிடம், 12-ஓடு கனடா இரண்டாமிடம், 11-ஓடு ஸ்வீடன் மூன்றாமிடம். தொடரின் சிறந்த முன்வரிசை வீரர் பாப்ரோவ். சிறந்த கோல்கீப்பர் விருது, அன்று ஏழு கோல் வாங்கிய கனடாவின் டான் லாக்ஹார்ட்டுக்கு. தேர்ந்தெடுத்தவர்களின் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. முந்திய ஆறு ஆட்டங்களில் ஐந்தே கோல் விட்டவர் அவர். அன்றைக்கு உடைந்தது அவருக்கு முன்னால் நின்ற ஆட்டமுறை.

ஊர் திரும்பிய லின்ட்ஹர்ஸ்ட்ஸ் வீரர்கள் கேட்ட ஏச்சுக்கு அளவில்லை. இது அநியாயம். கனடா உலக அரங்கில் தோற்றது அதுவே முதல் தடவையும் அல்ல. 1933-இல் பிராகில் அமெரிக்காவிடமும், 1936 ஒலிம்பிக்கில் பிரிட்டனிடமும், 1949-இல் செக்கோஸ்லோவாக்கியாவிடமும் தோற்றிருந்தது. அப்போதெல்லாம் இவ்வளவு கூச்சல் இல்லை. பனிப்போர்க் காலத்தில், வென்றது யார் என்பதுதான் சுட்டது. இரண்டாம் தர அணியை அனுப்பியது வீரர்கள் எடுத்த முடிவு இல்லை. அனுப்பியவர்களும், போக மறுத்த பெரிய அணிகளும் வாங்க வேண்டிய திட்டை இவர்கள் வாங்கிக்கொண்டார்கள். டொரொன்டோ மேப்பிள் லீஃப்ஸ் உரிமையாளர் கான் ஸ்மைத் தன் தொழில்முறை அணியை மாஸ்கோவுக்கே அழைத்துப்போய்க் கணக்கைத் தீர்க்க முன்வந்தார். அது நடக்கவில்லை.

கணக்கைத் தீர்த்தது ஒரு பழத்தோட்ட ஊர். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பென்டிக்டனில் இருந்த வீஸ் அணிக்கு, ‘வீ’ எழுத்தில் தொடங்கும் மூன்று பீச் பழ வகைகளிலிருந்து அந்தப் பெயர் வந்தது. முன்னாள் என்ஹெச்எல் வீரர் கிராண்ட் வார்விக் ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்தார். தம்பிகள் பில்லும் டிக்கும் உடன் ஆடினார்கள். 1955 மார்ச் 6, மேற்கு ஜெர்மனியின் கிரேஃபெல்டில் இரு தரப்பும் அதுவரை தோற்காமல் வந்து மோதின. ஃபாஸ்டர் ஹூயிட்டின் வானொலி வர்ணனையைக் கனடா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. வீஸ் 5, சோவியத் 0. பாப்ரோவின் அணி ஒரு கோல்கூடப் போட முடியவில்லை.

ஆனால் பழைய காலம் திரும்பவில்லை. 1956 கோர்ட்டினா ஒலிம்பிக்கில் தங்கம் சோவியத்துக்கு, கனடாவுக்கு வெண்கலம். 1957-இல் போட்டி மாஸ்கோவுக்கே வந்தது. ஹங்கேரியில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து கனடாவும் அமெரிக்காவும் வர மறுத்தன. கடைசி ஆட்டம் புதிய லெனின் விளையாட்டரங்கில், திறந்த வெளியில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில். ஸ்வீடன் 4–4 என்று சமன் செய்தது. செக்கோஸ்லோவாக்கியாவோடும் டிரா செய்திருந்த சோவியத் ஒரு புள்ளியில் கோப்பையை ஸ்வீடனிடம் இழந்தது. சொந்த மண்ணில், அவ்வளவு பெரிய கூட்டத்தின் முன் நேர்ந்த அந்தத் தோல்வி சோவியத் ஹாக்கிக்கு நல்லதாகவே முடிந்தது என்று தோன்றுகிறது. செர்னிஷோவும் தராசோவும் சேர்ந்து பொறுப்பேற்ற பிறகு, 1963 முதல் 1971 வரை ஒன்பது உலகக் கோப்பைகள் இடைவெளியின்றி அங்கேயே போயின. பாப்ரோவ் 1972-இல் கனடாவின் தொழில்முறை நட்சத்திரங்களைச் சந்தித்த சோவியத் அணிக்குப் பயிற்சியாளரானார். கான் ஸ்மைத் 1954-இல் கேட்ட மோதல் நடக்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிராக் கைதிகள் 1955-இல் பொது மன்னிப்பில் வெளியே வந்தார்கள். சுரங்கத்தின் கதிர்வீச்சு உடம்பைத் தின்றிருந்த மோத்ரி 1963-இல், 46 வயதில் இறந்தார். புப்னிக்குக்கு ஆயுள் இருந்தது. கைது செய்யப்பட்டபோது 21 வயது. ஒரு ஆட்டக்காரனின் நல்ல ஆண்டுகளை எல்லாம் சிறை எடுத்துக்கொண்டது. மிஞ்சியது கற்றுக்கொடுக்கும் திறமை. 1966-இல் அவர் பின்லாந்து தேசிய அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். 1954-இல் கனடாவிடம் 20 கோல் வாங்கிய அதே பின்லாந்து. அடுத்த ஆண்டு வியன்னா உலகப் போட்டியில் அவருடைய அணி செக்கோஸ்லோவாக்கியாவை 3–1 என்று வென்றது. 1968 கிரெனோபிள் ஒலிம்பிக்கில் கனடாவை 5–2 என்று வென்றது.